தள்ளிப்போன ஷட்டவுன்

வெள்ளி, இரவு.

வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளோடு எங்கள் ஆலையின் செலவை ஒப்பிட்டு நான் போட்ட அட்டவணையை இன்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பராமரிப்புக்காக அடிக்கடி ஆலையை நிறுத்துவதால்தான் நமக்குச் செலவு அதிகம் என்று சொல்லி, இந்த ஆடியில் செய்ய வேண்டிய ஷட்டவுனை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார். நாம் வாங்கும் மலிவான கச்சா எண்ணெயில் கந்தகம் அதிகம், அது குழாயை அரிக்கும்; உலைப் பக்கம் குழாய் விட்டால் தீப்பற்றும். அட்டவணையில் அதற்கு இடமில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

திருத்தணியில் ரயிலை விட்டு இறங்கியதும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர், பாவா, எங்கள் ஆலையில் உலைப் பக்கம் ஆபரேட்டர். காவடிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"ஷட்டவுனு இல்லியாமே! அப்ப கிருத்திகைக்கு லீவு கெடைக்கும். எந்தப் புண்ணியவானோ!"

"நீங்க சொன்ன உலைக் குழாய்க் கசிவு இன்னும் அப்டியே கீதா, பாவா?"

"ஆங், கீது. கிளாம்ப் போட்டு இறுக்கி ஓட்டிகினு கீறோம்."

அந்தப் புண்ணியவான் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அவர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்பினார். காவடியின் மறுபக்கத்தைக் காலையில் வந்து பூசுவதாக அக்காவிடம் சொன்னார்.

சீக்கிரம் விடியட்டும்.