சொந்த எஞ்சின்

செப்டம்பர் 12, 1989

இன்று மன்சி ஊர்ப் பக்கம் இரண்டு பழைய கார்கள் பார்த்தோம். இரண்டும் வேண்டாம். முதல் காரின் பின்பக்கம் முழுக்கப் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் வழுக்கி விழுந்துவிட்டது; அடியில் தகரமே இல்லை. இரண்டாவதில் எஞ்சின் வேறு ஏதோ காருடையது.

எப்போதும் ஒரே முறைதான். அப்பா காரின் உரிமையாளரிடம் மழை, சோளம், கூடைப்பந்து என்று பேசிக்கொண்டிருப்பார். நான் அடியில் படுத்துப் பார்ப்பேன். ஆலையில் பிரஸ் மெஷின் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களைத்தான் விட்டுவைத்தது. அடியில் நீட்டிப் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் அவரால் சேர்த்துப் பிடிக்க முடியாது. பார்த்து முடித்ததும் எங்கள் பிக்கப் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வோம். பழைய கார் பத்திரிகையில் போட்டிருக்கும் விலையில் தொடங்கி, ஒவ்வொரு குறைக்கும் கழித்துக்கொண்டே வந்து ஒரு தொகை சொல்வேன். அப்பா இறங்கிப் போய் அதைச் சொல்வார். அதற்கு மேல் ஒரு டாலர் ஏற மாட்டார்.

நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பை நிறுத்திய பிறகு எனக்குப் பிடித்த இடம் கதவு சாத்திய அந்த பிக்கப்தான்.

செப்டம்பர் 20

இரவுச் சாப்பாட்டில் மறுபடியும் அதே பேச்சு.

"இருபத்தொன்பதாயிரம், வெர்னன். உங்க மூணு விரலுக்குக் குடுத்த காசு. வேற ஒண்ணும் நம்மகிட்ட இல்ல" என்றாள் அம்மா.

"அதனாலதான் சொல்றேன் கெயில். பேங்க்ல தூங்கிட்டுக் கிடக்கு. இந்தக் காருங்க மாசாமாசம் ஏறுது. ஒரே ஒரு நல்ல கார். ரெண்டு வருஷம் வெச்சிருந்து வித்தா, நீ அந்த முதியோர் இல்லத்துல பெட்பேன் கழுவ வேண்டாம்."

"பதினாறு வயசுப் பொண்ணு சொல்ற விலைக்கா?"

"அவ கணக்கு இதுவரைக்கும் தப்பினதே இல்ல."

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 7

டெர்ரி ஹோட் தாண்டி, க்ராடாக் என்பவரிடம் 1970 செவெல் கார். சிவப்பு, கறுப்புப் பட்டை, 454 எஞ்சின். அப்பா தேடிக்கொண்டிருந்த அதே கார்.

அந்த எஞ்சின் காரோடு பிறந்ததாக இருந்தால் முப்பதாயிரம். இல்லையென்றால் பதினாலு. வித்தியாசம் தீப்பெட்டி அளவு இடத்தில் இருக்கிறது. எஞ்சினின் முன்பக்கம் சீவிவிட்ட ஒரு சின்னப் பட்டையில் எண் அடித்திருப்பார்கள். அது காரின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணுக்கு அடியில், கார் ஆலையில் சீவும்போது விழுந்த, தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகளும் இருக்க வேண்டும். பழைய எண்ணை அழித்துப் புது எண் அடித்திருந்தால் கோடுகளும் போயிருக்கும்.

க்ராடாக் என் தலைக்கு மேலேயே சாய்ந்து நின்றார். "என்ன பாப்பா, ஸ்கூல்ல இதத்தான் சொல்லித் தராங்களா?" நான் டார்ச்சைத் திருப்பினேன். "வெர்னன், உங்க பொண்ணு நாக்க வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாளா?" அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எண் ஒத்துப்போனது. ஆனால் அதைச் சுற்றி ஒரே கிரீஸ். தின்னர் தொட்டுத் துடைத்தால்தான் கோடு தெரியும். அதற்கு க்ராடாக் பக்கத்தில் ஊன்றியிருந்த கையை எடுக்க வேண்டும். "கொஞ்சம் தள்ளுங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரவில்லை.

பிக்கப்பில் அப்பா கேட்டார்: "கோடு பாத்தியா?"

"ம்" என்றேன்.

இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

அக்டோபர் 9

அப்பா தூங்கும்போது கராஜுக்குப் போய்த் துடைத்துப் பார்த்தேன்.

கோடு இல்ல. ஒண்ணுகூட இல்ல. வழவழன்னு இருக்கு. நகத்தால தேச்சும் பார்த்துட்டேன்.

ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

எடுத்த கிரீஸைத் திரும்ப அப்பி வைத்தேன்.

டிசம்பர் 24

அப்பா அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வந்து காரைக் காட்டினார். எல்லோரிடமும் சொன்னார்: "இதோட சொந்த எஞ்சின்."

மே 3, 1990

பத்திரிகையில் முப்பத்தைந்தாயிரம். இப்போதே விற்றுவிடலாம் என்றேன். அவசரப்படாதே என்றார் அப்பா. நல்ல காராம்.

ஆகஸ்ட் 30

பத்திரிகையில் விலை இருபத்தைந்தாயிரத்துக்கு இறங்கிவிட்டது. விளம்பரம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒருவர் கூடக் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 19

கோடு இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோக்கமோவிலிருந்து ஒரு அம்மா சனிக்கிழமை வருவதாக போன் செய்தார்கள். அதற்கு மேல் மறைத்து வைக்க முடியவில்லை.

அப்பா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கிரீஸைத் துடைத்து, அவரே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கிரீஸ் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"மறுபடியும் தடவி வை."

"அப்பா..."

"க்ராடாக் எனக்குச் செஞ்சதுதானே."

தடவினேன்.

செப்டம்பர் 22

கோக்கமோ அம்மா, மிஸஸ் ப்ரூயிட், தனியாகத்தான் வந்தார். கணவருக்குப் பக்கவாதம். கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் இப்படி ஒரு கார் இருந்ததாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று வாங்க வந்திருக்கிறார். தன் பங்கு நிலத்தை விற்ற காசு. அப்பா இருபத்திரண்டாயிரம் கேட்டார். மழையைப் பற்றியும் பேசினார். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். "நீதான் நம்பர் பாப்பியாமே, உங்கப்பா சொன்னாரு. எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. என்ன தரலாம், நீயே சொல்லு."

அப்பா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொண்ணு" என்றேன். "அதுக்கு மேல குடுக்காதீங்க. எஞ்சின் இதோடது இல்ல."

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பதினொண்ணுக்கும் எனக்கு வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சிடுவாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது என் தோளைத் தொட்டார்.

அப்பா உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 14

அப்பா இன்றும் என்னிடம் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார். இந்தக் கோபம் அந்த அம்மாவிடம் பேசியதற்கா, க்ராடாக்கிடம் பேசாததற்கா? கேட்கத் தைரியம் இல்லை. இரண்டுக்கும் என்றால்?

நவம்பர் 5

அம்மா ராத்திரி ஷிஃப்டும் எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 20, 1991

அப்பா தனியாக ஆண்டர்சன் ஊர் வரை போய் ஒரு கார் பார்த்துவிட்டு வந்தார். யாருக்காகவோ தெரியவில்லை. அவர் மேலங்கியின் முதுகில் சேறு இல்லை. அடியில் படுக்காமலேயே வந்துவிட்டார்.

மார்ச் 16

செவெல் போய்விட்டது. எட்டாயிரம்.

வாங்கியவன் பெயர் டுவேன். பந்தயம் ஓட்டுபவன். நான் எண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "நம்பரா? அத வெச்சு நான் என்னக்கா பண்றது?" என்று சிரித்தான். என்னைவிட நாலு வயதாவது பெரியவன். அவனிடம் வேறு எஞ்சின் இருக்கிறதாம்; இதைத் தூக்கிக்கொண்டு போவது வீண் வேலை என்று சங்கிலி போட்டு வெளியே எடுத்து, கராஜ் வாசலில் ஒரு பழைய டயரின் மேல் வைத்துவிட்டு, காரை மட்டும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனான்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா படியில் உட்கார்ந்து அந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்லா."

ஆறு மாதத்தில் முதல் தடவை.

"இதுக்கு என்ன தருவாங்க?"

மண்டியிட்டுப் பார்த்தேன். தண்ணீர் பம்ப் கசிகிறது. இரண்டு போல்ட் உடைந்திருக்கிறது. எப்போதும் போலக் கழித்தேன். "நாளைக்கு அந்த செவெல வாங்கறவன் யாராவது நம்பரப் பாத்து, இது அதோட சொந்த எஞ்சின்னு ஏமாந்தா நாலாயிரம் கூடக் கிடைக்கும். வெறும் எஞ்சினா எழுநூறு."

அவர் எழுந்து கராஜுக்குள் போய் அரத்தை எடுத்து வந்தார். எண்ணின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். இரண்டு விரலில் பிடி நிற்கவில்லை, அரம் வழுக்கியது. இன்னொரு தடவை முயன்றார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

எல்லா எண்ணும் போக ஒரு மணி நேரம் ஆனது. டயர் மேல் எஞ்சின் ஆடிக்கொண்டே இருந்தது. அப்பா இடது கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.