மார்ச் மாதக் கையெழுத்து

பாசமுள்ள அக்கா,

உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாறுதல் கலந்தாய்வில் விளாங்குடி வீட்டுக்குப் பக்கத்திலேயே தலைமையாசிரியர் இடம் கிடைத்தும், டி. கல்லுப்பட்டி தாண்டி இருக்கிற உன் பள்ளியைத்தான் கேட்டு வாங்கினேன். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். பாசம்தான். ஆனால் நான் வந்தது பழி தீர்க்க. அதை உன்னிடம் மறைப்பானேன்?

உன் வகுப்பறைக் கூரையை மராமத்து செய்த காண்ட்ராக்டரை மறந்திருக்க மாட்டாய். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அரசாங்கப் பணம் திரும்பிப் போய்விடும் என்று கடைசி வாரத்தில் வந்து நின்றான். கொளுத்துகிற வெயிலில் எந்தக் கூரைதான் ஒழுகும்? விரிசல் மேல் சிமெண்டைத் தடவி, முன்சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, "டீச்சர், பிள்ளைகளுக்கு வந்த காசு. ஒங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றான். பிள்ளைகள் என்றதும் நீ 'பணி திருப்தி' என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். மழை வருவதற்கு முன்னாலேயே நாம் எல்லோரும் அப்படித்தானே எழுதிக் கொடுக்கிறோம்?

ஐப்பசி மழையில் காரை பெயர்ந்து உன் தலையில் விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் அவன் உன் கையெழுத்தைத்தான் காட்டினான். "டீச்சரே திருப்தின்னு எழுதியிருக்காங்க. நான் என்ன செய்ய?" உன்னைக் கொன்றது போதாதென்று உன்னையே குற்றவாளியும் ஆக்கினான். அடக்கத்துக்கு ரோஜா மாலையோடு வேறு வந்தான். அதை உன் மேல் போட நான் விடவில்லை, வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் எறிந்தேன்.

நான் வந்த பிறகு புதுக் கட்டடத்துக்கு நிதி வந்தது. டெண்டர் எடுத்தது யார் என்று நினைக்கிறாய்? அவனேதான், மச்சான் பெயரில். இந்த மார்ச்சிலும் கட்டி முடித்துவிட்டதாகக் கடைசி வாரத்தில் அதே சிரிப்போடு வந்தான். மொட்டைமாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தச் சொன்னேன். ஒழுகாமல் நின்றது. ஆனாலும் அவன் வேலையை நான் நம்பவில்லை. மறுநாள் கையெழுத்துக்கு வந்தபோது, பெற்றோர் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தேன்.

நான் பேனாவைத் தொடாததைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா கெஞ்சினாள். "ஒங்க கோவம் எங்களுக்குத் தெரியும் டீச்சர். அதுக்காகக் காசத் திருப்பி விட்ராதீங்க. புள்ளைக இன்னும் எம்புட்டு நாளைக்குத் தகரக் கொட்டாயில வேகும்?"

எனக்குச் சுருக்கென்றது. நியாயம் அவள் பக்கம்தான். புது வகுப்பறைக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போடச் சொன்னேன்.

"அண்ணே, ஒரு பீரியடு மட்டும் இதுல உக்காருங்க. எந்திரிச்சு வந்ததும் போட்டுத் தாரேன்."

"எனக்கு வெளிய சோலி கெடக்கு டீச்சர்" என்றான்.

"நீங்க கட்டுன கட்டடந்தானண்ணே?"

வாசலிலேயே நின்று மேலே அண்ணாந்து பார்த்தான். சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளே கால் வைக்கவில்லை அக்கா. அத்தனை பேர் பார்க்க, அவனால் முடியவில்லை. அவன் நின்ற நிலையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கெஞ்சிய அதே அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பேனாவ உள்ள வைங்க டீச்சர்."

பணம் திரும்பிப் போனால் போகட்டும், இந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்க மாட்டோம் என்று பெற்றோர் எல்லோரும் மனு கொடுத்திருக்கிறார்கள். உன் மரணத்தையும் திரும்ப விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாளும் உன்னைப் பற்றி முணுமுணுத்த வாய்கள்தான் அவை.

மன்னித்துவிடு என்கிறார் போதகர். நீயும் அதைத்தான் சொல்வாய். முதலில் அவன் அந்தக் கூரையை உடைத்துப் புதிதாகப் போடட்டும். உன் மேல் சுமத்திய பழியைத் தன் வாயாலேயே இல்லையென்று சொல்லட்டும். அதுவரை அவனுக்கு என் கையெழுத்து கிடையாது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவேன், பிள்ளைகளுக்காக. மன்னிப்பு மட்டும் அப்போதும் கிடையாது. இது உன் மேல் சத்தியம்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்காத,
உன் தங்கை