லேபுக்குக் கிண்டின சட்டி

செவ்வாய், ராத்திரி

நான் வேலை பார்க்கிற திண்டிவனம் சித்த மருந்து கம்பெனியில, கஞ்சா இலை போட்ட வலி லேகியம் கிண்டறாங்க. கவர்மெண்ட் லேபுக்கு அனுப்பற ஒரு சட்டிக்கு மட்டும் எல்லாத்தையும் எடை போட்டுப் போடுவாங்க. மத்த சட்டிக்கெல்லாம் கைக்கு வந்த அளவு. ஆனா எல்லா டப்பாவுலயும் 'பரிசோதிக்கப்பட்டது'ன்னு ஒரே லேபிள். ஒட்டறது நான்.

காலையில விக்கிரவாண்டிக்கார அம்மா ஒண்ணு, புருஷனுக்கு கேன்சர் வலின்னு வாங்க வந்துச்சு. "டெஸ்ட் பண்ணதுதானேம்மா?"ன்னு கேட்டுச்சு. தலையாட்டித் தொலைச்சேன்.

சாயந்திரம் முதலாளி வந்தாரு. "எங்கம்மாவுக்கு மூட்டு வலி, ஒரு டப்பா குடும்மா." லேபிள் ஒட்டின டப்பாவை நீட்டினேன். கையை இழுத்துக்கினாரு.

"இது வேணாம். லேபுக்குக் கிண்டின சட்டியில மிச்சம் இருக்கும், அத்த வழிச்சுக் குடு."

வழிச்சுக் குடுத்தேன். அவரு அம்மாவுக்கு மருந்து. அந்தப் பொம்பளை புருஷனுக்கு லேபிள்.