விமானத்துக்கு வைத்த பொட்டு

லா ஷப்பல், பாரிஸ்
16.06.2015

அன்பின் தயாளினிக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்ததா?

ஒரு புதினம், பயப்பட வேண்டாம். எங்கள் கடைக்குச் சாப்பிட வரும் மிஷெல், தன் வீட்டுக் கராஜில் எட்டு வருடமாகக் கட்டிய குட்டி விமானத்தில் ஞாயிறன்று என்னை ஏற்றிப் போனார். வழியனுப்பப் பறக்கும் திடல்வரை கூட வந்த எங்கள் கடைச் சமையல்காரர் தவசீலன் அண்ணை, "புது வாகனமெல்லே, பொட்டு வைக்காமல் ஏறலாமே?" என்றார். நீர் அனுப்பிய சந்தனத்தைக் குழைத்து, விமானத்தின் மூக்கிலும் இறக்கையில் நீட்டிக்கொண்டிருந்த சிறு குழாயின் வாயிலும் அப்பினேன்.

மிஷெல் பறக்குமுன் ஒரு தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவர். குழாயைத் தொட்டதும் முகம் வெளுத்துவிட்டது. வேகம் காட்டும் கருவிக்குக் காற்றுப் போகும் வழி அதுதானாம். அடைத்திருந்தால் மேலே வேகம் தெரியாமல் விழுந்திருப்போமாம். ஏசவில்லை. கழற்றிக் கழுவிப் பூட்டி, தாளை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். அரைமணி நேரம் அருமையாகப் பறந்தோம்.

அந்தத் தாளின் கடைசி வரியை மட்டும் ஏறுமுன் நான் நிரப்ப வேண்டியிருந்தது: 'ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது?' இங்கே எனக்கு யார்? உமது பெயரை எழுதினேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சந்தனம் முடிந்துவிட்டது, இன்னொரு டப்பா அனுப்பும். இனி என் நெற்றிக்கு மட்டும்தான்.

வேலைக்கு நேரமாகிறது.

உமது,
ஐங்கரன்