மலை உச்சிக்காக மாட்டிய காலி பிரேம்

என் செல்லம் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்றுதான் எந்நேரமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு நடுவே உன்னால் புகுந்து பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். கம்பளிக் குல்லாயும் கையுறையும் வைத்த பார்சலிலேயே இதையும் போட்டு இன்றைக்கே அனுப்புகிறோம். அடுத்த வாரம் நீ மலை ஏறப்போகிற சனிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும் என்று பார்சல் ஆபீஸ் பெண் அடித்துச் சொன்னாள். குல்லாயைப் போட்டுக் கண்ணாடி பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. அப்பா படங்களுக்குப் பிரேம் அறுக்கிறார், நான் கண்ணாடி துடைத்து, பின்னால் அட்டை வைத்து ஒட்டுகிறேன். அவருக்கு முழங்கால் வலி, டாக்டரைப் பார்க்கச் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறார். பக்கத்துக் கடை சைக்கிள்காரரின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். அப்பா தினமும் காலையில் போனில் நீ தங்கியிருக்கிற ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு, இன்னைக்கும் வெயில்தான், வசந்தம் வந்துருச்சு, பூவெல்லாம் பூத்துக் கெடக்காம் என்று கடைக்கு வருகிற ஆளிடமெல்லாம் சொல்வார், அந்த வெயிலை அவரே போய் ஏற்பாடு செய்துவிட்டு வந்த மாதிரி. அதை நம்பித்தான், கனமான கோட்டு எதுக்குடி, தூக்கிட்டு நடக்கவா என்று நானும் போன வாரம் உன்னிடம் சொன்னேன். அந்தப் பேச்சைக் காற்றில் விட்டுவிடு. கோட்டை எடுத்துக்கொண்டு போ.

ஏன் சொல்கிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். தன் தம்பியின் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போடவேண்டும் என்றார். மலைப் பாதையில் பூச்செடிகளுக்கு நடுவே அரைக்கைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். இவ்வளவு வெளிச்சமான படத்துக்கு நல்ல கலர் பிரேமா போடலாமே என்று நான் சொன்னேன். கறுப்பு போதும்மா என்றார். போன வசந்தத்தில் அவன் இப்படி ஒரு பனிமலை ஏறப்போன காலையில் எடுத்த படமாம் அது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், என் மகளும் ஏறப்போறா என்று சொல்லிவிட்டேன். அந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்பா போனில் பார்க்கிற வெயில் அடிவாரத்து ஊருக்கு அடிக்கிற வெயிலாம். கீழே பூப்பூத்தாலும் மேலே இன்னும் குளிர்காலம்தானாம். பகல் வெயிலில் இளகுகிற பனி இரவில் இறுகி, காலையில் கண்ணாடியாகக் கிடக்குமாம். தினமும் கண்ணாடி துடைக்கிறவளுக்கு அதன்மேல் கால் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. காலையில் கல்மேல் கால் வைத்துத் தாண்டின ஓடை, மேலே பனி உருகி, திரும்பி வரும்போது இடுப்பளவு ஓடுமாம். மேகம் இறங்கினால் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாதாம். வியர்த்து நனைந்த சட்டையில் அந்தக் காற்று பட்டால் உடம்பு விறைத்து, புத்தியே தடுமாறிப்போகுமாம். வானம் கறுத்ததும் கூடப் போனவர்களெல்லாம் திரும்பிவிட்டார்கள். இவன் மட்டும், இன்னும் கொஞ்சந்தான், தொட்டுட்டு வந்துடுறேன் என்று போயிருக்கிறான். அவ்வளவுதான் சுண்டு. அவன் இறங்கி வரவே இல்லை.

அவர் போனதும் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தேன், ஹால் சுவரில் அந்தக் காலி பிரேம் தொங்குகிறது. நீ உச்சியில் நின்று எடுக்கப்போகிற படத்துக்காக அப்பா முன்கூட்டியே செய்து மாட்டினாரே, அதுதான். வருகிறவர்களிடமெல்லாம், இதுலதான் என் மக நிக்கப்போறா என்று வெறும் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா பிரேமே மாட்டிட்டாரு, இனி உச்சியத் தொடாம எப்படிம்மா இறங்குறது என்று நீ போனில் சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். அது ஞாபகம் வந்ததும் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஊரில் எல்லாரும் படம் எடுத்த பிறகு பிரேம் போடுவார்கள், நாம்தான் பிரேமைப் போட்டுவிட்டுப் பிள்ளையை மலைக்கு அனுப்பியிருக்கிறோம். நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினேன். என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு, ஆசையா மாட்டினத அபசகுனமா எறக்குற என்று அப்பா கத்தினார். நான் அந்தப் பிள்ளையின் படத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்து, டீச்சர் சொன்னதைச் சொன்னேன். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது சுண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன், பொங்கி வழிந்த பிறகுதான் தெரிகிறது. போகாதே என்று சொல்லமாட்டேன், சொன்னால் கேட்கிற ஆளா நீ. ஆனால் அடிவாரத்து வானிலையை நம்பாதே, மலைமேல் எப்படி என்று தனியாகச் சொல்வார்களாமே, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. விடியும்போதே புறப்பட்டு, ஓடை பெருகுவதற்குள் இறங்கிவிடு. பையில் மாற்றுச் சட்டை ஒன்றை நனையாமல் சுற்றி வை. எந்த வழியாகப் போகிறாய், எப்போது வருவாய் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. கூட்டத்தில் ஒரே ஒருத்தர் திரும்பினாலும் அவரோடு நீயும் திரும்பு, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பு. கோழை என்று யாராவது சொன்னால் எங்க அம்மா அதுக்கு மேல என்று சொல்லிவிடு.

நேற்றுக் காலையில் பார்த்தால் பிரேம் மறுபடியும் சுவரில் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு, பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கிட்டே போனேன். அது காலியாக இல்லை. போன மாதம் நீ ஒரு குன்றுக்குப் போய், மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் திரும்பி, பஸ் நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம். இதெல்லாம் கணக்குல வராது, உச்சியில எடுத்ததக் கொண்டா என்று அப்பா தள்ளிவைத்தாரே, அதே படம். பெரிய பிரேமில் அது சின்னதாக இருக்கிறது என்று சுற்றிலும் வெள்ளை அட்டை வெட்டி, அழகாகப் பொருத்தியிருக்கிறார். சைக்கிள்காரர் வந்தபோது, இது என் மக பாதியில திரும்பி வந்தப்ப எடுத்தது என்று காட்டினார்.

நூறு வயசுக்கு நன்றாக இரு கண்ணே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. சனிக்கிழமை எந்த இடத்திலிருந்து இறங்கினாலும் இறங்கியதும் எனக்குப் போன் போடு, நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். உச்சியைத் தொட்டாயா என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டோம். சுவரில் இனி இடமும் இல்லை என்று அப்பா எழுதச் சொன்னார்.

நீ இறங்கி வருவதற்காகக் காத்திருக்கும்
அம்மா