ஆக்சிடென்ட்டுன்னாக, தீக்காய வார்டுக்கு ஓடினேன்

என் உசிரான வீட்டுக்காரருக்கு,

அங்கன நல்லா இருக்கீகளா? இங்கன சீசன் ஆரம்பித்துவிட்டது. உங்கள் கம்பெனியில் ராவும் பகலும் ஆர்டர். மகள் ஜெயா பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள், உங்களை மாதிரியே வாய் பேசுகிறாள்.

யார்மேல் கோபப்படுவதென்று ஒரு வருஷமாகத் தெரியாமல் முழிக்கிறேன். வெடிமருந்து கலக்கிற ரூமுக்கு நீங்கள் வேலைக்குப் போன நாளிலிருந்து தீயை நினைத்துத்தான் பயந்தேன். "தீயிலயிருந்து காப்பாத்து தாயி" என்று மட்டும்தான் இருக்கன்குடி அம்மனிடம் கேட்டேன். அவளும் அந்தமட்டுக்குக் காப்பாற்றிவிட்டாள். கார்க் கதவை யாருங்க நினைத்தது?

அன்றைக்கு லேபிள் வாங்கிவர உங்களைச் சிவகாசிக்கு அனுப்பினார்களாம். எனக்கு அது தெரியாது. பஜாரில் வெடி வாங்க வந்த சாத்தூர் டீச்சர் ஒருத்தி, பின்னால் பார்க்காமல் காரின் கதவைத் திறந்திருக்கிறாள். சைக்கிளோடு கதவில் மோதி, தலை அடிபட விழுந்தீர்களாம். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, பயப்படாதீக" என்று அவளுக்கே தைரியம் சொன்னீர்களாம். நாலு எட்டு வைப்பதற்குள் வாந்தி எடுத்துச் சரிந்துவிட்டீர்கள். பஜாரில் இருந்தவர்கள் அவள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணாச்சி ஓடிவந்தார். "கம்பெனியில இருந்து போன் வந்துச்சுத்தா. ஒன் வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்டாம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக" என்றார். நம்ம ஊரில் ஆக்சிடென்ட் என்றால் தீயைத் தவிர வேறென்ன? அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா உங்கள் பேரைக் கேட்டாள். உங்கள் பேரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? "புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி ஆளும்மா" என்றேன். அவள் தீக்காய வார்டைக் கைகாட்டினாள்.

அன்றைக்கென்று வேறெங்கோ வெடித்திருந்தது. வாழை இலையில் கிடந்தவர்களில் யார் முகமும் முகமாக இல்லை. "ஏங்க" என்று கூப்பிட்டேன். ஒருத்தர் முனகினார், உங்கள் உயரம். பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன், பயப்படாதீக, நான் இங்கனதான இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முனகல் அடங்கி அவர் தூங்கினார்.

அண்ணாச்சி என்னை எங்கெல்லாமோ தேடிவிட்டு வந்தார். "ஏத்தா, இங்கன ஏன் உக்காந்திருக்க? அவுக தலைக்காய வார்டுலல்ல இருந்தாக" என்றார். இருந்தாக என்றார்.

டீச்சர் உங்கள் கட்டிலோரம் அழுதுகொண்டு நின்றாள். அவளை அடிக்கத்தான் போனேன். அதற்குள் அவள் சொல்கிறாள்: நீங்கள் கண்ணைத் திறக்காமலே "வந்துட்டியா?" என்று கேட்டீர்களாம். இவள் "வந்துட்டேன்" என்றாளாம். அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டீர்களாம்.

யாரைக் கேட்டுச் சொன்னாள்? நான் சொல்ல வேண்டியதை அவள் எப்படிச் சொல்லலாம்? நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நானும் அந்நேரம் எவளோ ஒருத்தியின் புருஷனிடம் அதையேதானே சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்த மனுஷன் பிழைத்தாரா என்றுகூட விசாரிக்கவில்லை. அவளைத் திட்ட வாயெடுத்தால் என்னையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது. நீங்களாவது சொல்லுங்கள், அது என் குரல் இல்லையென்று உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்தேதான் கையைப் பிடித்தீர்களா? ஒரு மண்ணும் விளங்கவில்லை எனக்கு.

டீச்சர் ஆள்மேல் ஆள் அனுப்புகிறாள், என்னைப் பார்க்க வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சண்டை போடுவேனா, சேர்ந்து அழுவேனா, தெரியாது. உங்களுக்குச் சத்தியம் செய்வது ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையை, உங்களிடம் சொன்னது மாதிரியே என்னிடமும் சொல்லச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கடைசியாக உங்கள் காதில் என்ன விழுந்ததென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வந்தும் வந்துசேராத உங்கள் பெண்டாட்டி,
பாண்டியம்மாள்