பட்டுப்புடவையும் விராலும்

இன்று காலை தென்னேரிக் கரையில் நின்றபோது தண்ணீரில் ஒரு சிவப்புத் திட்டு நகர்ந்தது. விரால் குஞ்சுகள்! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், படமெடுக்கச் சொல்லி உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது.

நம் முதல் படப்பிடிப்பும் இதே ஏரிதான். அதுவரை நான் உள்ளூர் கேபிள் டி.வி.யில் பட்டுப்புடவை விளம்பரம் பேசிக்கொண்டிருந்தவள். நீ அதைப் படம்பிடித்தவன். ஏரி, குளத்து உயிர்களைப் பற்றி நிகழ்ச்சி செய்கிறேன் என்று நச்சரித்ததில், சென்னைச் சேனல் ஒன்று மாதிரிக்கு ஒரு பகுதி கேட்டது. அது பிடிக்காவிட்டால் மறுபடி புடவைதான். செலவை ஏற்ற கடைக்காரர் ஒரே நிபந்தனை போட்டார்: அவர் கடைப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் மீனைப் பற்றிப் பேச வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர் வேறென்ன கேட்பார்!

"கரையிலயே நின்னு பேசுமா. ஜரிகைல சேறு பட்டுச்சுன்னா கடைக்காரரு நம்ம தோல உரிச்சிடுவாரு" என்றாய்.

தலையாட்டினேன். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டதும் நிபந்தனையாவது ஒன்றாவது! முழங்கால் தண்ணீரில் நின்று, "குஞ்சுகளுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும்" என்று சொல்லி வாய் மூடவில்லை. தாயோ தகப்பனோ, ஆடுசதையில் வந்து முட்டியது. அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தேன். முந்தானை முழுக்கச் சேறு. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்; கேமராவை மட்டும் நிறுத்தவில்லை.

"சிரிக்காதடா! அத்த வெட்டிடு, மானமே போயிடும்."

"மாட்டேன்மா. உன்னவிட அந்த மீனு இன்னா சூப்பரா நடிக்குது!"

வெட்டாமலே அனுப்பினாய். பத்து நாள் உன்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் சேனலிலிருந்து அழைத்து, நான் விழுந்த இடத்துக்காகவே நிகழ்ச்சியைத் தருவதாகச் சொன்னார்கள். கோபத்தை மறந்து உன் வீட்டுக்கு ஓடிவந்து குதித்தேன். அதன்பின் எத்தனை ஆறு, எத்தனை ஆமை, எத்தனை நீர்நாய்!

நீ போனபின் பழைய பகுதிகள் எல்லாவற்றிலும் தேடினேன். எதிலும் நீ இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். அந்த முதல் பகுதியில் மட்டும், நான் விழுந்ததும், உன் சிரிப்பு கேட்கிறது. அன்று என் பேச்சைக் கேட்டு வெட்டியிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது. அந்தத் துண்டைக் கைபேசியில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே என்று திட்டியவள், தினம் ஒருமுறையாவது அதைக் கேட்கிறேன்.